விசில், வாட்ச், வேலூர் வெயில்: நடுவர்கள் கேட்ட கேள்விகள்

குறுவட்டப் போட்டிகள் (பக்கத்துப் பள்ளிகள் தங்களுக்குள் ஆடுகிற போட்டிகள்) நெருங்கிவிட்டதால், நடுவராகப் போகிறவர்கள் தங்கள் விசில், ஷூ, வாட்ச் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதலாம் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். விளையாடுகிற பிள்ளைகளுக்கு என்ன வாங்கித் தருவது என்று கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விசில் ஊதுகிறவரைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தால், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று (எனக்கு இன்னும் எல்லாமே வடஆற்காடுதான்) ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. பலர் பெயர் வேண்டாம் என்று எழுதியிருப்பதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

இந்த வருடம்தான் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தேன். குறுவட்டத்தில் கபடி, வாலிபால் இரண்டுக்கும் என்னைப் போட்டிருக்கிறார்கள். மூவாயிரம் ரூபாய் வரை செலவு செய்ய முடியும். முதலில் எதை வாங்கலாம்? – காட்பாடி

தம்பி, டிராக் சூட் வாங்க ஓடாதீர்கள். புதிதாக வருகிற எல்லோரும் அதைத்தான் முதலில் வாங்குவார்கள், நானும் வாங்கினேன், ஆகஸ்ட் மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பத்து மணிக்கே அவிழ்த்து மரத்தில் தொங்கவிட்டேன். பள்ளியில் இருக்கிற வெள்ளை டிஷர்ட், வெள்ளை பேண்ட் போதும்.

பணத்தில் பாதிக்கு மேல் ஷூவுக்குப் போகட்டும், அதைப் பற்றிக் கீழே ஆம்பூர்க்காரருக்கு எழுதியிருக்கிறேன். மீதியில் இரண்டு விசில், ஒரு ஸ்டாப்வாட்ச், கார்டுகள், டாஸ் போட ஒரு காசு, இரண்டு பென்சில். பேனா இல்லை, பென்சில். வியர்வைக் கை பட்ட ஸ்கோர் ஷீட்டில் ஜெல் பேனா எழுத்து எப்படி இழுகும் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் நீங்களே மாறிவிடுவீர்கள்.

விசிலில் இரண்டு ஜாதி. உள்ளே ஒரு குண்டு உருளுவது ஒன்று, குண்டே இல்லாதது இன்னொன்று. பழைய விசிலில் அந்தக் குண்டு பெரும்பாலும் தக்கைதான், அது சுழல்வதால்தான் 'உர்ர்ர்' என்று சத்தம் உதறிக்கொண்டு வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எச்சில் பட்டுப் பட்டு அது ஊறும், மண் புழுதி ஒட்டும், ரொம்ப வேகமாக ஊதினால் ஓர் இடத்தில் சிக்கிக்கொள்ளும். சரியாக எந்த நேரத்தில் சிக்கும் என்றால், ரெய்டு போன பையன் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று ஊரே கத்துகிற நேரத்தில் நீங்கள் மூச்சைப் பிடித்து ஊதும்போது. இதே அவஸ்தையை அனுபவித்த ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கனடா நாட்டுக் கூடைப்பந்து நடுவர்தான் குண்டில்லாத 'ஃபாக்ஸ் 40' விசிலைக் கொண்டுவந்தார். 1987 பான் அமெரிக்கன் போட்டிகளில் அது புழக்கத்துக்கு வந்தது. உள்ளே அசையும் பொருள் எதுவும் இல்லை, காற்று போக அறைகள் மட்டும்தான், அதனால் எவ்வளவு பலமாக ஊதினாலும் அடைக்காது. அதே அமைப்பில் இப்போது நிறைய கம்பெனிகள் செய்கின்றன, போலியும் உண்டு. கடையிலேயே மெதுவாக ஒருமுறை, முழு மூச்சில் ஒருமுறை ஊதிப் பாருங்கள். மெதுவாக ஊதும்போது வெறும் காற்றுச் சத்தம் மட்டும் வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஊதிப் பார்க்கக் கடைக்காரர் விடவில்லை என்றால் அவர் சொல்வதும் நியாயம்தான், வாங்கிவிட்டுக் கடை வாசலிலேயே ஊதுங்கள்.

ஏன் இரண்டு? ஒன்று தொலையும் என்பதற்காக மட்டும் இல்லை. நம் பள்ளி மைதானங்களில் கபடித் தளத்துக்குப் பத்தடி தள்ளி வாலிபால் நடக்கும். இரண்டு நடுவரிடமும் ஒரே விசில் இருந்தால், அங்கே சர்வீஸுக்கு ஊதினால் இங்கே ரெய்டர் நின்றுவிடுவான், நின்றவனை நாலு பேர் அமுக்கிவிடுவார்கள், அப்புறம் அந்தப் பாயிண்டுக்கு நீங்கள் என்ன தீர்ப்பு சொன்னாலும் ஒரு பள்ளி சண்டைக்கு வரும். சுருதி வேறாக இரண்டு விசில் வைத்திருங்கள். காலையில் பக்கத்துத் தள நடுவரிடம் போய் "சார், ஒரு ஊது ஊதுங்க" என்று கேட்டுவிட்டு, எது வித்தியாசமாக இருக்கிறதோ அதை மாட்டிக்கொள்ளுங்கள்.

கார்டு விஷயம். கபடிக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் வேண்டும். பச்சை எச்சரிக்கை, மஞ்சள் இரண்டு நிமிடம் வெளியே, சிவப்பு ஆட்டத்தை விட்டே வெளியே. வாலிபாலுக்கு மஞ்சளும் சிவப்பும் போதும். சார்ட் பேப்பரை வெட்டி லேமினேட் செய்தால் குறைந்த செலவில் முடியும். மூலையைக் கொஞ்சம் வளைவாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் சட்டைப்பை கிழியும். சிவப்பை மட்டும் தனிப் பையில் வையுங்கள். கோபத்தில் கை போய் எடுப்பதற்கு முன்னால் ஒரு நொடி யோசிக்க நேரம் கிடைக்கும், அந்த ஒரு நொடி என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

பிளாஸ்டிக் விசில் நாற்றம் அடிக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் போட்டேன், இப்போது சத்தமே மாறிவிட்டது. – ஆற்காடு

கொதிநீரில் வளைந்திருக்கும், இனி அது சரியாகாது. அடுத்ததை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, குழந்தைகள் பல் துலக்கும் பிரஷால் உள்ளே தேய்த்து, உதறி, நிழலில் காயவையுங்கள். வாரம் ஒருமுறை போதும், போட்டி இருந்தால் மட்டும் முந்தின ராத்திரியே செய்துவிடுங்கள். நாற்றத்துக்கு ஒரே காரணம், ஈர விசிலை அப்படியே பாக்கெட்டில் போட்டு, பாக்கெட்டோடு அழுக்குக் கூடையில் போடுவது.

ஊரில் எக்ஸ்போர்ட் ஷூ மலிவாகக் கிடைக்கிறது. நடுவர் வேலைக்கு அதையே வாங்கலாமா? போன வருடம் வாங்கியது மூன்றாவது நாளே அடிப்பாகம் கழன்றுவிட்டது. – ஆம்பூர்

ஷூ ஊரில் இருந்துகொண்டு எனக்கு எழுதுகிறீர்கள், சரி. வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

ஏற்றுமதியில் தள்ளுபடியான ஷூவில் தோலும் தையலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சிக்கல் அடிப்பாகத்தில். பாலியூரிதேன் என்ற பொருளில் செய்த சோல், போடாமல் அட்டைப்பெட்டியிலேயே இருந்தாலும் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக் குடித்து வருடக் கணக்கில் உள்ளுக்குள் இற்றுப்போகும். மேலே பார்த்தால் புத்தம் புதிது. காலில் போட்டு நாலு தரம் ஓடினால் பழைய ரஸ்க் மாதிரி பொடிப்பொடியாக உதிரும். உங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம், அல்லது வெறும் பசை விட்டிருக்கலாம். கழன்ற இடத்தைப் பாருங்கள். சோல் முழுசாக இருந்து பசை மட்டும் விட்டிருந்தால் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துச் சுற்றிலும் தையல் போட்டுக்கொள்ளலாம், இன்னும் இரண்டு வருடம் வரும். பொடியாக உதிர்ந்திருந்தால் தூக்கிப்போடுங்கள், எந்தப் பசையும் நிற்காது.

கடையில் பார்க்கிறபோது நாக்குப் பகுதிக்கு உள்ளே ஒட்டியிருக்கிற லேபிளில் தேதி இருக்கிறதா என்று தேடுங்கள். சோலைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள், பள்ளம் உடனே மேலே வர வேண்டும். முன்பக்கம் மட்டும் வளைய வேண்டும், நடுவில் மடங்குகிற ஷூ நாள் முழுக்க நிற்கிறவருக்கு ஆகாது. சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கிற நேரம் அதுதான். காலையில் கச்சிதமாக இருக்கிற ஷூ மத்தியானம் மூன்று மணிக்கு நகத்தைப் பதம் பார்க்கும். போட்டிக்குப் போடுகிற அதே தடிமனான சாக்ஸோடு போட்டுப் பாருங்கள்.

கால்பந்து நடுவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் பக்கம் மைதானம் என்றால் காய்ந்த செம்மண், சில இடத்தில் சிமென்ட் மாதிரி இறுகியிருக்கும். அதில் நீள ஸ்டட் (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்) உள்ள ஷூ போட்டால் முட்டி போய்விடும். சின்னச் சின்னக் குமிழ் போட்ட டர்ஃப் ஷூ வாங்குங்கள், மழை பெய்த வாரத்தில் மட்டும் ஸ்டட்.

பராமரிப்பில் எல்லோரும் செய்கிற தப்பு இரண்டு. ஒன்று, கோடு போட்ட சுண்ணாம்பு ஒட்டிய ஷூவை நேரே தண்ணீரில் நனைப்பது. சுண்ணாம்பு தண்ணீரோடு சேர்ந்தால் தோலை அரிக்கும். முதலில் காய்ந்த பிரஷால் தட்டிவிட்டு, அப்புறம் ஈரத் துணி. (கோடு போட இன்னமும் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டுகிற பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகள் விழுந்து புரளுகிற இடம் அது, கண்ணில் பட்டால் என்ன ஆகும்? சாக் பவுடர் வாங்கச் சொல்லி நீங்களாவது கேளுங்கள்.) இரண்டாவது, நனைந்த ஷூவை மொட்டை மாடியில் வெயிலில் வைப்பது. வேலூர் வெயிலில் பசை இளகிவிடும். உள்ளே பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, இரண்டு மணிக்கொரு தரம் மாற்றி, ஃபேனுக்குக் கீழே வையுங்கள்.

நூறு மீட்டரில் மூன்று வாட்ச், மூன்று நேரம். முதல் இரண்டு இடத்துக்குத் தகராறு, ஒரு பையனின் அப்பா செல்போனில் எடுத்த நேரத்தைக் காட்டுகிறார். நல்ல வாட்ச் எது? – ஆரணி

வாட்ச் மேல் தப்பில்லை சார், பெரும்பாலும் விரல் மேல்தான். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மண்டலப் போட்டியில், ஃபினிஷிங்கில் நான் ஒரு வாட்ச், பக்கத்தில் இரண்டு பேர். ஸ்டார்ட்டர் கையில் மரக் கிளாப்பர், இரண்டு பலகையைச் சேர்த்துத் தட்டுவது. ஓட்டம் முடிந்து பார்த்தால் ஒருவர் வாட்ச் மட்டும் எங்கள் இருவரைவிட அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டுகிறது. அவர் ரொம்பப் பெருமையாக "மாவட்ட ரெக்கார்டு சார்" என்றார். விசாரித்தால், அவர் குனிந்து வாட்சைப் பார்த்துக்கொண்டே 'டப்' என்று காதில் விழுந்ததும் அழுத்தியிருக்கிறார். நூறு மீட்டர் தாண்டிச் சத்தம் வந்து சேர ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். அதுவரை பையன் ஓடிக்கொண்டுதானே இருக்கிறான்? அந்த 0.3 நொடி அவனுக்கு இலவசம். மிச்சம் எங்கே போனது என்றால், முடிவுக் கோட்டில் தலை தெரிந்ததுமே நிறுத்திவிட்டார். தலையோ கையோ கணக்கில்லை, உடம்பின் நெஞ்சுப் பகுதி கோட்டைத் தொடும்போதுதான் நிறுத்த வேண்டும்.

ஆகவே துப்பாக்கி என்றால் புகையைப் பார்த்து அழுத்துங்கள், கிளாப்பர் என்றால் இரண்டு பலகையும் சேருகிற நொடியைப் பாருங்கள். கிளாப்பருக்கு உள்பக்கம் ஒன்றில் வெள்ளை, ஒன்றில் கறுப்பு பெயிண்ட் அடித்து, ஸ்டார்ட்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னால் நூறு மீட்டரிலிருந்தும் நன்றாகத் தெரியும். இதற்கு ஆகிற செலவு ஒரு சின்ன டப்பா பெயிண்ட்.

மூன்று நேரம் வந்ததைத் தீர்ப்பது சுலபம், விதியே இருக்கிறது. கையால் எடுத்த நேரத்தில் நூறில் ஒரு பங்கை அப்படியே எழுதக்கூடாது, மேல் பத்தில் ஒன்றுக்குக் கொண்டுபோக வேண்டும். 12.31 என்றால் 12.4. கீழே இறக்குவது கிடையாது. 12.40 என்று சரியாக நின்றிருந்தால் மட்டும் ஏற்றாமல் அப்படியே 12.4. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுதான் நேரம். மூன்றும் வேறு வேறு என்றால் நடுவில் இருப்பது. இரண்டு வாட்ச்தான் இருக்கிறது, இரண்டும் வேறு என்றால் கூடுதலாகக் காட்டுவது. சராசரி எடுக்கிற வழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது, அது தப்பு. அப்புறம், யார் முதல் யார் இரண்டாவது என்பதை முடிவு நடுவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும், வாட்சை வைத்து இடம் போடக்கூடாது. அந்த அப்பாவுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். செல்போனை நான் ஏற்பதில்லை. வியர்வை விரலுக்குத் திரை சில நேரம் மசியாது, அழுத்தினோமா என்பதை விரல் உணராது, நடுவில் அழைப்பு வேறு வரும்.

வாட்ச் வாங்குவது பற்றி: பட்டன் 'டக்' என்று விரலில் தெரிய வேண்டும், இலக்கம் வெயிலில் படிக்கிற மாதிரி பெரிதாக, கறுப்பாக இருக்க வேண்டும், இருபது முப்பது நேரங்களைச் சேமிக்கிற வசதி ஓட்டப்பந்தயத்துக்கு உதவும். கபடிக்கு அதெல்லாம் தேவையில்லை, 30 நொடி ரெய்டை எண்ணினால் போதும். பரிசோதிக்க ஒரு பழைய முறை: இரண்டு வாட்சையும் எதிரெதிரே வைத்து, பட்டனோடு பட்டன் முட்டுகிற மாதிரி அழுத்துங்கள், இரண்டும் ஒரே நொடியில் ஓடும். ஒரு மணி நேரம் கழித்து அதேபோல் நிறுத்துங்கள். நொடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம், நொடிக்கணக்கில் இருந்தால் ஒன்று போய்விட்டது.

மே மாதத்தில் ஒருமுறை ஸ்கூட்டர் டிக்கியில் வாட்சை விட்டுவிட்டு, மத்தியானம் எடுத்துப் பார்த்தால் டிஸ்பிளே முழுக்கக் கறுத்துக் கிடந்தது. செத்துவிட்டது என்று முடிவு கட்டி வீட்டில் மேஜை மேல் போட்டேன். சாயங்காலம் காபி குடிக்கும்போது பார்த்தால் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. சூடு தாங்காமல் அந்தத் திரை அப்படிக் கறுக்கும், ஆறினால் திரும்பும். ஆனால் ஒவ்வொரு தரமும் திரும்பும் என்று நம்பாதீர்கள். வெயிலில் நிற்கும்போது கழுத்தில் தொங்கட்டும், ஓய்வில் சட்டைப்பைக்குள் போகட்டும். பந்தய சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி ஒரு சின்ன கவரில் போட்டு வாட்சோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். உள்ளேயே விட்டுக் கசிந்து, பச்சை பூத்த வாட்ச் எங்கள் பழைய ஸ்டோர் ரூமில் ஒரு டப்பா நிறைய இருந்தது.

பெண் நடுவர்கள் புடவையில்தான் வர வேண்டும் என்கிறார்கள். கோகோவுக்கு ஓடிக்கொண்டே பார்க்க வேண்டியிருக்கிறது. என்ன செய்வது? – உடற்கல்வி ஆசிரியை, குடியாத்தம்

டீச்சர், கோகோவில் நடுவர் நின்ற இடத்தில் நின்று தீர்ப்பு சொல்ல முடியாது என்பது சொல்கிறவர்களுக்கும் தெரியும். தொடக்க விழாவுக்குப் புடவையில் வாருங்கள், தளத்துக்கு வெள்ளை டிஷர்ட், டிராக் பேண்ட். மறுத்தால் எல்லா ஆசிரியைகளும் சேர்ந்து, போட்டிக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டத்திலேயே கேளுங்கள், அன்று காலையில் மைதானத்தில் கேட்டால் எடுபடாது. சுடிதார் என்றால் துப்பட்டாவில் விசில் கயிறு சுற்றிக்கொள்ளும், கையில் மாட்டுகிற கயிறு வாங்குங்கள். ஷூ வாங்கும்போது ஆண்கள் அளவில் சின்னதைத் தலையில் கட்டுவார்கள், அது அகலமாக இருந்து குதிகால் ஆடும். பெண்கள் அளவையே கேட்டு வாங்குங்கள்.

வாலிபால் நெட் உயரத்துக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் தகராறு. – வாணியம்பாடி

ஒரு நேரான மூங்கில் கழியில் 2.43 மீட்டர், 2.24 மீட்டர் இரண்டுக்கும் பிளேடால் கீறி, மேலே பெயிண்ட் கோடு போட்டு உங்கள் சொந்தக் கழியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலது ஆண்கள், இரண்டாவது பெண்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வருடச் சுற்றறிக்கையில் சொல்கிற உயரத்தையும் கோடு போடுங்கள். அளக்க வேண்டியது நடுவில். அப்புறம் இரண்டு பக்கக் கோட்டுக்கு மேலும் பாருங்கள், இரண்டும் ஒரே உயரமாக இருக்க வேண்டும், நடுவைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. முதல் செட் முடிந்ததும் இன்னொரு முறை அளந்துவிடுங்கள், வெயிலில் கயிறு தளரும். மேஜை மேல் நாற்காலி போட்டு ஏறி நின்று நடுவர் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை என்று கேள்விப்படுகிறேன். தயவுசெய்து வேண்டாம், பள்ளி வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒரு ஸ்டாண்டு செய்துகொள்ளுங்கள். கண் நெட்டுக்கு மேல் அரை மீட்டர் இருந்தால் போதும்.

முன்பு வெயிட் லிஃப்டிங் செய்தவன். பள்ளிப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிடுகிறார்கள். என்ன வாங்க வேண்டும்? – சத்துவாச்சாரி

2014, 2018 என்று இரண்டு காமன்வெல்த் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கத்தின் ஊர்க்காரருக்கு நான் என்ன சொல்ல? உங்களுக்கென்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். தீர்ப்பைக் காட்டுகிற லைட் இல்லாத இடத்தில் வெள்ளை, சிவப்பு என்று இரண்டு சின்னக் கொடி, மூன்று நடுவருக்கும் ஒரே அளவில். பார்க்க வேண்டியது பொருள்களைத்தான். தட்டு மாட்டுகிற கம்பி, அதாவது பார், ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ, இரண்டும் கலந்துவிடாமல் முனையில் வேறு நிறம் அடியுங்கள். காலரை (தட்டு நழுவாமல் பிடிக்கிற பூட்டு) எடைக் கணக்கில் சேர்க்கிறீர்களா என்பதை ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். எடை பார்க்கும் மெஷினில் தெரிந்த எடையுள்ள இரும்புத் தட்டை வைத்து முதலில் சோதியுங்கள். நூறு கிராம் கூடிப்போய் ஒரு பிள்ளை வெளியே போவதற்கு மெஷின் காரணமாக இருக்கக்கூடாது.

இதெல்லாம் சொந்தக் காசிலா சார்? கொடுக்கிற படியில் பஸ்ஸும் டிபனும்தான் வருகிறது. – வாலாஜா

உங்கள் கோபம் நியாயம். எனக்கும் பல வருடம் ஒரு போட்டிக்கான படி அடுத்த போட்டி முடிந்துதான் வந்தது, ஒருமுறை வரவே இல்லை. ஷூவும் விசிலும் உங்கள் உடம்போடு ஒட்டியவை, அவற்றைச் சொந்தமாக வாங்கத்தான் வேண்டும், இன்னொருவர் எச்சில் விசிலை நீங்கள் ஊதப்போவதில்லை. ஸ்டாப்வாட்ச், டேப், கொடி, கிளாப்பர், நெட் கழி எல்லாம் பள்ளிப் பொருள். வருட ஆரம்பத்தில் விளையாட்டு நிதியில் பந்து வாங்கப் பட்டியல் போடும்போதே இவற்றையும் சேர்த்து எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள், பந்துக்குக் கேட்டால் கொடுப்பார்கள், தனியாக வாட்ச் என்று டிசம்பரில் போய் நின்றால் கிடைக்காது. இருப்புப் பதிவேட்டில் ஏற்றும்போது வாட்ச் பின்பக்கத்து எண்ணையும் எழுதுங்கள். இரவல் போன வாட்ச் திரும்பி வரும்போது வேறு வாட்சாக வருவது நம் மாவட்டத்தில் புதிதில்லை.